ரோஸ் கலர் இலைகள்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



செயலாளர் அண்ணாச்சி எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்தது பராமரிப்புக் கட்டண விஷயம். அதனால் நான் எவ்வளவு நேரம் பேசினாலும் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

போன மாதம் நம் கேட்டுக்கு வெளியே நர்சரி வேன் வந்து நின்றது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஒரு நாளில் மட்டும் பதினோரு வீடுகளுக்கு ரோஸ் கலர் இலைச் செடி ஏறியது. வாட்ச்மேன் தம்பியோடு உட்கார்ந்து எண்ணினேன். அதில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை. நான்கு வீட்டு மதினிமார் என்னிடம் வந்து, "வாங்கும்போது ரோஸா இருந்துச்சு, இப்ப பச்சையாயிடுச்சு" என்றார்கள். இரண்டு பேர் "நுனியெல்லாம் கருகுது" என்றார்கள். ஒருவர் மொத்தச் செடியும் செத்துவிட்டது என்று தொட்டியோடு குப்பைக்குக் கொண்டுபோனார். அது சாகவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் மை பார்த்தவன். ஆனால் இந்த இலைகளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது அந்த மைதான்.

நம் ஊர் காலண்டரில் மகாலட்சுமி உட்கார்ந்திருக்கும் தாமரையைப் பாருங்கள். என்ன கலர்? ரோஸ். ஆனால் நான்கு கலர் மெஷினில் ரோஸ் என்று ஒரு மையே கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, அவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்: சின்னச் சின்ன மெஜந்தாப் புள்ளிகள், நடுவில் வெள்ளைப் பேப்பர். மெஜந்தாவும் வெள்ளையும் கலந்து கண்ணுக்கு ரோஸாகத் தெரிகிறது. அதே மெஜந்தாவைப் பச்சை மேல் அடித்தால் ரோஸ் வராது. அழுக்குப் பழுப்பு, கருஞ்சிவப்பு மாதிரி ஒன்று வரும். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், தலையாட்டுகிறீர்கள்.

இலையிலும் கிட்டத்தட்ட இதேதான். இலையின் பச்சை என்பது பச்சையம். அதுதான் செடியின் அடுப்படி. வெயிலை வாங்கிச் சாப்பாடு செய்வது அது. சிவப்பு, ரோஸ், ஊதா பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவல்பழத்திலும் செம்பருத்தியிலும் ஊதா முட்டைக்கோஸிலும் இருக்கும் அதே வகைதான். ஒரு இலை பளிச்சென்று ரோஸாகத் தெரிகிறது என்றால், அந்த இடத்தில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு என்று அர்த்தம். வெள்ளைப் பேப்பர் மேல் மெஜந்தா. இலை கருஞ்சிவப்பாக, மெரூன் மாதிரி இருந்தால், கீழே பச்சையம் இருக்கிறது, மேலே சிவப்பு மூடியிருக்கிறது. பச்சை மேல் மெஜந்தா.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், நர்சரிக்காரர் என்ன பெயர் சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள். அவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கார்டிலைனைக் காட்டி டிரசீனா என்பார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வெளிர் ரோஸ் ஜாதி என்றால் கலேடியம், ரோஸ் அக்லோனிமா, ரோஸ் சிங்கோனியம், நரம்பு மட்டும் ரோஸாக ஓடும் பிட்டோனியா, புள்ளி புள்ளியாக இருக்கும் போல்கா டாட். இவை அடுப்படி சின்னதாக இருக்கும் குடும்பங்கள். மெதுவாகத்தான் வளரும், நேர் வெயில் பட்டால் ரோஸ் இடம் முதலில் தீயும். இருட்டில் வைத்தால் செடி என்ன செய்யும்? பட்டினி கிடக்காமல் இருக்கப் பச்சையத்தைக் கூட்டும். புது இலை பச்சையாக வரும். அந்த நான்கு மதினிமாருக்கும் நடந்தது இதுதான். டி.வி. ஸ்டாண்டு மேல் வைத்தார்கள். அழகுதான், ஆனால் செடிக்கு அது இருட்டறை.

கருஞ்சிவப்பு ஜாதி வேறு. கார்டிலைன், ரியோ, ஊதா டிரடஸ்கான்ஷியா, குரோட்டன்ஸில் சில, கருஞ்சிவப்பு ரப்பர் செடி. இவற்றுக்கு வெளிச்சம் கூடினால்தான் கலர் கூடும். காலை வெயில் படும் பால்கனியில் தைரியமாக வைக்கலாம்.

மூன்றாவதாக ஒரு ஜாதி இருக்கிறது. அதில் நான் 1,400 ரூபாய் விட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'பிங்க் காங்கோ' என்று ஒரு பிலோடென்ட்ரான். படத்தில் முழு இலையும் பஞ்சுமிட்டாய்க் கலர். என் மகள் பெங்களூரிலிருந்து போனில் காட்டினாள், வாங்கிவிட்டேன். வந்தபோது படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. நான்கு மாதத்தில் பச்சை பச்சையாக இலை விட்டது. பழைய ரோஸ் இலைகளும் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. இன்றைக்கு அது என் வீட்டில் ஒரு சாதாரணப் பச்சைச் செடி. என் பராமரிப்பில் தப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அந்த ரோஸ் செடியோடு பிறந்தது இல்லை. நர்சரியில் வாயு அல்லது ரசாயனம் காட்டி, புதிதாக வரும் சில இலைகளில் பச்சையம் வராமல் செய்கிறார்கள். மருந்தின் வேலை முடிந்ததும் செடி தன் இயல்புக்குப் போய்விடுகிறது. பெயரில் ஒட்டி வரும் 'பிங்க் பிரின்சஸ்' வேறு; அதன் ரோஸ் திட்டுகள் செடியிலேயே உள்ளவை. ஆனால் விலை கொஞ்சமில்லை. அதிலும் ஒரு கிளை முழு ரோஸாக இலை விட ஆரம்பித்தால் சந்தோஷப்படாதீர்கள். அடுப்படியே இல்லாத கிளை அது, நாளாக ஆகக் கருகும். பச்சையும் ரோஸும் கலந்த இலை எங்கே இருக்கிறதோ அதுவரை வெட்டிவிட வேண்டும். சிங்கோனியத்தில் நேர்மாறு: முழுப் பச்சையாக ஓடும் கொடியைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும்.

இன்டர்நெட்டில் 'ரோஸ் அக்லோனிமா விதை' என்று பாக்கெட்டில் விற்பதைத் தொடவே தொடாதீர்கள். இந்தக் கலப்பினங்களைக் கன்று பிரித்தும் தண்டு வெட்டியும் திசு வளர்ப்பிலும்தான் பெருக்குகிறார்கள். படத்தை ரீடச் செய்து கலர் மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்லோனிமா என்றதும் ஒரு விஷயம். பழைய அக்லோனிமா எல்லாம் பச்சையும் வெள்ளியும்தான். அதில் சிவப்பைக் கொண்டுவந்தவர் இந்தோனேசியாவின் தாவரவியலாளர் கிரெகோரி ஹம்பாலி. 1980களில், சுமத்ராக் காட்டில் வளரும் சிவப்பு நரம்புள்ள ஒரு வகையை இன்னொரு வகையோடு சேர்த்து 'பிரைட் ஆஃப் சுமத்ரா' என்ற செடியை உண்டாக்கினார். இன்றைக்கு நாம் 'லிப்ஸ்டிக்' என்று வாங்குவதற்கெல்லாம் வழி திறந்தது அதுதான். எனக்குத் தெரிந்தவரை நம் ஊருக்குப் பொருத்தமான ரோஸ் இலைச் செடி அக்லோனிமாதான். முதல் செடியாக வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். பிட்டோனியாவைக் கடைசியில் வாங்குங்கள். அது பெருவிலுள்ள மழைக்காட்டின் தரையில் வளர்வது. நம் மே மாதத்தில் அது படும் பாட்டைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டுமென்றால் மூடி வைத்த கண்ணாடி ஜாடிக்குள் வளர்க்கலாம்.

நம் ஊர் என்று சொன்னேன். விருதுநகர், சாத்தூர், சிவகாசி எல்லாம் ஒரே கதைதான். மருந்தும் தீக்குச்சியும் காயக் காய்ந்த ஊர் வேண்டும் என்பதால்தானே இங்கே தொழில் வந்தது. பட்டாசுக்கு எது வரமோ அது இந்த இலைகளுக்குச் சாபம். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு வரும் மேல்காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். வேனில் வரும் செடிகள் ஆந்திராவின் கடியம் பக்கமிருந்தோ, கேரளாவிலிருந்தோ, பெங்களூரிலிருந்தோ நிழல் வலைக்குக் கீழே ஈரக்காற்றில் வளர்ந்தவை. வந்த அன்றே பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் அதிராமல் என்ன செய்யும்? முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் வெளிச்சமான மூலையில் வையுங்கள். தொட்டியை மாற்றாதீர்கள், உரம் போடாதீர்கள். ஒன்றிரண்டு கீழ் இலை பழுக்கும், பழுக்கட்டும்.

வாங்குவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. நம் மழைக்காலம். பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு எந்த ரோஸ் இலையையும் வாங்காதீர்கள். வேன்காரர் பாதி விலைக்குத் தருகிறேன் என்பார். அவருக்குத் தெரியும், சித்திரை தாண்டாது என்று.

நம் கட்டடத்தில் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் கிழக்குப் பார்த்த பால்கனி. காலை ஒன்பது மணி வரை வெயில், பிறகு வெளிச்சம் மட்டும். இது கிடைத்தற்கரிய இடம். அக்லோனிமாவைச் சுவர் ஓரம், கார்டிலைனைக் கம்பி ஓரம் வைத்தால் முடிந்தது. சி பிளாக் மேற்கு. மதியம் இரண்டு மணியிலிருந்து சுவரே சுடும். அங்கே வெளிர் ரோஸ் எதுவும் பால்கனியில் வேண்டாம். ஜன்னலுக்கு உள்ளே மூன்றடி தள்ளி வையுங்கள். பால்கனிக்கு ரியோவும் ஊதா டிரடஸ்கான்ஷியாவும் போதும். அவற்றுக்கும் கத்திரி வெயிலில் பச்சை வலை கட்ட வேண்டும். வெளிச்சம் போதுமா என்று எப்படிப் பார்ப்பது? மதியம் லைட் போடாமல் செடி இருக்கும் இடத்தில் நின்று தினத்தாளின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் செடிக்கும் ஓரளவு போதும்.

இனி தண்ணீர். நுனி கருகுகிறது என்ற இரண்டு பேருக்கும் காரணம் இங்கேதான். நம் தொட்டியில் தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளும் உண்டு, போர் தண்ணீர் கலக்கும் நாளும் உண்டு. குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆர்.ஓ. போட வருபவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கிக் காட்டுவாரே, அந்த எண்தான். போர் தண்ணீரை அதில் அளந்து பாருங்கள், நுனி ஏன் கருகுகிறது என்று புரியும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான்.

சிலர் ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் உப்பையெல்லாம் திரட்டி வெளியே தள்ளுகிற தண்ணீர் அது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஏ.சி. தண்ணீர் கொடுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பு இருக்காது. என் பெட்ரூம் ஏ.சி. பைப்புக்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறேன். கோடையில் இருக்கிற செடி அத்தனைக்கும் அதுவே போதும். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் இரண்டு டிரம் வைத்துப் பிடிக்கலாம், மூடி போட்டு. மாதம் ஒரு தடவை செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், இருக்கிறதில் நல்ல தண்ணீராக, அடி ஓட்டை வழியே தாராளமாக ஓடும்வரை ஊற்றினால் மண்ணில் தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அக்லோனிமா காய்ந்து செத்ததை நான் பார்த்ததில்லை, அழுகிச் செத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு மண்ணும் காரணம். ஊரிலிருந்து கரிசல் மண் கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பருத்திக்கு அது தங்கம். தொட்டியில் ஈரமானால் களி, காய்ந்தால் கல். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு தண்ணீரில் அலசிவிடுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

பூச்சியில் இரண்டை மட்டும் கவனியுங்கள். இலைக் கணுக்களில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் மெல்லிய வலையும் மேலே பொடிப்பொடி வெளுப்பும் இருந்தால் சிலந்திப்பேன். காய்ந்த காற்றில் இதுதான் பெருகும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் தண்ணீர், சாயங்காலம் அடியிலும் மேலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒன்றாக மூன்று தடவை.

தீபாவளி மறுநாள் எல்லா இலைகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். இலை மேல் புகைப்படலம் இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. ஏற்கனவே சின்ன அடுப்படி. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று வேன்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். 1989-ல் நாசா செய்த ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அது சின்ன மூடிய பெட்டிக்குள் செய்தது. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் நான்கு தொட்டி வைத்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அழகுக்காக வாங்குங்கள். அழகு போதாதா?

குப்பைக்குப் போன செடிக்கு வருகிறேன். அது கலேடியம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, அடியில் கிழங்கு இருக்கும். சேப்பங்கிழங்கின் சொந்தக்காரன் என்றே சொல்லலாம், ஒரே குடும்பம். பகல் குறைந்து குளிர் தட்டியதும் இலையெல்லாம் தொங்கி மடிந்துவிடும். மார்கழியில் அது தூங்கப் போகிறது, அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியைக் காய்ந்த நிழலில் ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மாசி கடைசியில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் சூடு ஏற ஏறச் சுருட்டுச் சுருட்டாக முளை வரும். அந்த மதினியின் தொட்டியை வாட்ச்மேன் தம்பி குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்தான். இப்போது ஐந்து இலை விட்டிருக்கிறது. திருப்பித் தர மாட்டேன் என்கிறான்.

சேப்பங்கிழங்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உண்மையில் நான் இன்று எழுந்தேன். கருணைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் நாம் ஏன் புளி போட்டு வேக வைக்கிறோம்? நாக்கு அரிக்கும். அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி ஊசியான துகள்கள். கலேடியம், அக்லோனிமா, சிங்கோனியம், பிலோடென்ட்ரான், டிபன்பாக்கியா எல்லாவற்றிலும் பச்சையாகவே அது இருக்கிறது.

போன ஆவணியில் என் வீட்டு வாசலில், வராந்தாவில் வைத்திருந்த கலேடியத்தை எதிர் வீட்டுப் பேரன், இரண்டு வயது, ஒரு இலையைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அலறல். உதடு தடித்து எச்சில் வழிகிறது. அவன் அம்மா தூக்கிக்கொண்டு கீழே ஓடுகிறாள், லிப்ட் வரவில்லை, படியில் என் தொட்டிகளே இடிக்கின்றன. ஒரு தொட்டியை உதைத்துத் தள்ளிக்கொண்டுதான் அவள் இறங்கினாள். மருத்துவமனையில் வாயைச் சுத்தம் செய்து சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் பையன் ஐஸ்கிரீம் சாப்பிட்டான். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்படி ஏதாவது நடந்தால் வாயிலிருப்பதை விரலால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். நாக்கு தடித்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. எந்தச் செடி என்று டாக்டரிடம் காட்ட ஒரு இலையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நாய், பூனைக்கும் இதே ஆபத்துதான். டி பிளாக்கில் ராஜபாளையம் குட்டி வளர்ப்பவர் கவனிக்கவும், அது எதையும் கடித்துப் பார்க்கும் வயது.

வராந்தாவிலும் படிக்கட்டிலும் உள்ள தொட்டிகளை எடுக்க வேண்டும் என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியபோது பலருக்குக் கோபம். அதில் முதல் கையெழுத்து எதிர்ப்பாகப் போட்டவன் நான். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் படியில் தொட்டியை உதைத்ததைப் பார்த்தேன். அது தீயாக இருந்து, புகையில் நாற்பது வீடும் இறங்க வேண்டியிருந்தால்? வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் பிறந்த யாருக்கும் நான் விளக்க வேண்டாம். நம் ஊரில் பூச்சட்டி என்றாலே தள்ளி நிற்பவர்கள்தானே நாம், வேறு காரணத்துக்காக. என் பதினேழு தொட்டியும் இப்போது உள்ளே வந்துவிட்டது. கலேடியம் பிரிட்ஜ் உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில் இருக்கிறது. எதிர்ப்பில் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்குவதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இடமில்லாதவர்கள் மொட்டை மாடியின் வடக்கு ஓரத்தில் நிழல் வலை கட்டி வைக்க அனுமதி வேண்டும் என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அண்ணாச்சி சிரிக்கிறார், குறித்துக்கொள்ளட்டும்.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் இரண்டு தடவை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் கொடி வளர்ப்பவர்களும் அதே கணக்கில் தண்ணீரை மாற்றுங்கள். கீழ் வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் என் மனைவிக்கு வரும் புகார் பாதி குறையும்.

வெளியே மேசையில் பதினான்கு தயிர் டப்பாவில் ரோஸ் சிங்கோனியம் வேர் பிடித்து நிற்கிறது. தண்டு வெட்டும்போது அந்தப் பால் கையில் பட்டு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அல்லது பிளாஸ்டிக் கவர். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் இதை விட்டுவிட்டு, ஓரத்தில் தனியாக இருக்கும் மூன்று போல்கா டாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இந்த ஊசி விஷயம் கிடையாது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த தடவைக்கு வேண்டும்.